இரண்டாவது பிரேக்

பிப்ரவரி 11
கோட்டைக்குப் பின்தெரு விடுதி

தங்கச்சிக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். நால்வரும் நலம், உங்கத்தானின் வலது முழங்காலைத் தவிர.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக அந்த மனுஷன் நம் டிரைவிங் ஸ்கூல் வண்டியின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கத்துக்குட்டிகள் இடிக்கப் போகும்போதெல்லாம் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே பழகியவர். மற்ற வண்டிகளில் அப்படி ஒரு பிரேக் கிடையாது என்று மூளைக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. விமானம் தரையிறங்கும்போதே மிதிக்க ஆரம்பித்துவிட்டார். அது நின்றதும் தானே நிறுத்தியது போல என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு வேறு. பிறகு பஸ். ஒவ்வொரு திருப்பத்திலும் தரையை ஓங்கி மிதித்தார். முன்சீட்டுப் பெண்மணி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள், அப்புறம் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். இறங்கும்போது முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது.

கோட்டை பிரமாதம். நான் படத்தில் பார்த்து ஏங்கியதைவிடப் பெரிது. வாசலுக்குள் நுழைந்ததும் பாதை சட்டென்று வளைகிறது. உங்கத்தான் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "இந்த வளைவுல எதிர்ல வர்றது தெரியவே தெரியாது. ஒரு கண்ணாடி வெச்சிருக்கணும்" என்றார். வழிகாட்டிப் பையன் அழாத குறையாக, "தெரியக்கூடாதுன்னுதான் சார் வளைச்சுக் கட்டினாங்க, எதிரிக்கு" என்றான். இவர் தலையை ஆட்டிக்கொண்டார், ஆனால் சமாதானமாகவில்லை.

இவர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய். "ஒரு வருஷம் இவர் யாருக்கும் கார் ஓட்டக் கத்துக்கொடுக்கக் கூடாது. ஃபோனும் வேண்டாம், பிள்ளைங்க கூப்பிட்டுட்டே இருப்பாங்க." அதற்காகத்தான் ஸ்கூலைப் பூட்டி, குழந்தைகளின் பாடப் புத்தகத்தையும் பெட்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பியிருக்கிறோம். நீ செய்யவேண்டியதெல்லாம் இவ்வளவுதான். வண்டியின் உறை நல்லபடியாக இருக்கவேண்டும். விருந்தாளி மெத்தைக்கு வெயில் காட்டவேண்டும். வாசல் பலகையைத் துணியால் மூடு. யாராவது வந்தால் அடுத்த வருஷம் வரச் சொல்.

கிளம்பும்போது வாசலில் நான் சொன்னதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்காதே. வண்டியை ஷெட்டில் விடுகிறேன் என்று நீ சாவியை எடுத்ததும் எனக்கு டெஸ்ட் மைதானத்துச் சுவர்தான் ஞாபகம் வந்தது. மூன்று டெஸ்டிலும் அதே சுவரில் போய் இடித்தவள் நீ. அதைத்தான் சொன்னேன். டாக்ஸிக்காரன் சிரித்ததற்கு நான் பொறுப்பில்லை.

அடுத்த ஊர் விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது.

அக்கா


மார்ச் 2
ஆபீஸ் அறை

அக்காவுக்கு,

அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

வண்டி உறைக்குள் இருக்கிறது. நான் வண்டிக்குள் இல்லை. மெத்தை இருக்கிறது. பலகை மூடியிருக்கிறது.

நீ வாசலில் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. "சாவியைக் கீழ வை, உன் கைல ஸ்டியரிங் கிடைச்சா அது நேரா சுவரைத்தான் தேடும்" என்றாய். ஒரு வார்த்தை விடாமல் மறந்துவிட்டேன். டாக்ஸிக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர், அவர் மனைவி, பால் போடுகிறவர் எல்லாரும்தான் சிரித்தார்கள். தையல்காரர் இப்போதும் நான் சைக்கிளில் போனால் முதலில் சுவரைப் பார்க்கிறார், அப்புறம்தான் என்னைப் பார்க்கிறார்.

இந்த ஆபீஸில் ஃபோன் எடுத்து எடுத்தே என் காது ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு டெஸ்ட் தேதி வாங்கிக் கொடுத்தவள் நான். ஒரு நாள் நானும் ஓட்டவேண்டும், நான் வெளியே போயிருக்கும்போது அந்த ஃபோனை வேறு யாராவது எடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் பேராசை அவ்வளவுதான்.

நேற்று ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அம்மா ஒருத்தி வந்தாள். டிரைவிங் கற்றுக்கொடுக்கும் லைசென்ஸும் வைத்திருக்கிறாளாம், பகலில் சும்மா இருக்கிறாளாம், வேலை உண்டா என்று கேட்டாள். "ஸ்கூல் மூடியாச்சுங்க" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்து, "ஸ்கூல்தானே மூடியிருக்கு, நீ ஏன் மூடிட்டு உக்காந்திருக்கே?" என்றாள். டீ கொடுத்து அனுப்பினேன்.

தங்கை


ஏப்ரல் 19
பழைய துறைமுக நகரம்

தங்கச்சிக்கு,

உன் கடிதம் ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. இந்த ஊர் வெயிலுக்கு இதமாகத்தான் இருந்தது, போ.

இங்கே வந்து இரண்டு அரண்மனை, ஒரு மணிக்கூண்டு, பேர் வாயில் நுழையாத ராஜாவின் குளியலறை எல்லாம் பார்த்தாயிற்று. சின்னவன் ஒவ்வொரு அரண்மனையிலும் கேட்பது ஒன்றுதான்: "இந்த ராஜாவுக்கு டாய்லெட் எங்க?" பெரியவள் எல்லாச் சிலைக்கும் மூக்கு இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டு வருகிறாள். உங்கத்தான் நாற்சந்தி கண்ட இடத்தில் நின்றுவிடுகிறார். ஆயிரம் வருஷத்துச் சந்தை, உலகமே வந்து படம் எடுக்கிறது, இவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "அந்த வேன்காரன் இண்டிகேட்டரே போடலை, பார்த்தியா?" என்கிறார்.

சுற்றிப் பார்க்க ஒரு வாடகைக் கார் எடுத்தோம். கடைக்காரர் சாவியை இவர் கையில்தான் கொடுத்தார். இவர் நேராகப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "ம், கண்ணாடியைச் சரி பண்ணுங்க. கியர் நியூட்ரல்ல இருக்கா பாருங்க" என்றார். டிரைவர் சீட்டில் ஆளே இல்லை. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் போய் உட்கார்ந்து ஓட்டினேன். அவரைக் கல்யாணம் செய்வதற்கு முன்பிருந்தே வண்டி ஓட்டுகிறவள் நான், எனக்கு வழி முழுக்கக் கிளட்ச் பாடம். சாயங்காலமே காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இப்போது நடந்தே போகிறோம்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் அலுத்துவிட்டது. என் தலையணை வேண்டும் போலிருக்கிறது. நீ காலையில் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வருவாயே, அதுகூட வேண்டும் போலிருக்கிறது. இதை வைத்துப் பின்னால் என்னைக் குத்திக் காட்டாதே. பேசாமல் ஜூனில் திரும்பிவிடலாமா என்று பார்க்கிறேன்.

அக்கா


மே 27
ஆபீஸ்

அன்புள்ள அக்கா,

திரும்புவதா? நன்றாயிருக்கிறது! இன்னும் கடற்கரையே பார்க்கவில்லையே நீங்கள். குழந்தைகள் ஏங்கிப் போய்விடமாட்டார்களா? டாக்டரை மருந்துக்கடை வாசலில் பார்த்தேன். "ஒரு வருஷம்னா ஒரு வருஷம்தாம்மா, குறைச்சுக் கேக்க இது காய்கறிக் கடையா?" என்றார். கேட்டது நான்தான்.

இங்கே ஒரு குறையும் இல்லை. வண்டியின் உறையைத் தினமும் காலையில் உதறி, மூலைக்கு மூலை சேர்த்து, அழகாக மடித்து வைக்கிறேன். மெத்தை நாள் முழுக்க வெயிலில்தான் இருக்கிறது, நீயே பார்த்தால் அசந்துபோவாய். பலகை மேல் போட்ட துணியைத் துவைத்தேன். ஷெட் சுவரோடு எனக்கு இப்போது நல்ல பழக்கம். ஆம்புலன்ஸ் அம்மாவும் வந்து போகிறாள், டீ குடிக்கிறோம். அவளுக்குப் பதற்றம் என்பதே கிடையாது. "மூச்சு இழுத்துட்டு இருக்கறவங்களையே நிதானமாக் கூட்டிட்டுப் போறேன், உனக்கென்ன, நல்லாத்தானே இருக்கே?" என்பாள். அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் எதையும் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

உன் தலையணையைத் தபாலில் அனுப்பட்டுமா? விலாசம் மட்டும் எழுது. அவசரப்பட்டு வந்துவிடாதே அக்கா. கடற்கரைக்குப் போங்கள்.

அன்புடன்,
தங்கை


ஜூலை 30
கடலோர விடுதி

தங்கச்சிக்கு,

விலாசத்தை ஒரு கார்டில் எழுதிப் போட்டேனே, தலையணை வந்தது. கஸ்டம்ஸில் அதைக் கிழித்துப் பார்த்துவிட்டு அவர்களே தைத்து அனுப்பியிருக்கிறார்கள், தையல் நம் எதிர்வீட்டுக்காரரைவிட நன்றாயிருக்கிறது.

நீ சொன்னபடியே கடற்கரைக்கு வந்துவிட்டோம். வந்தது ஒரு வாரத்துக்கு, இன்னும் கிளம்பவில்லை. மணல் அப்படியே சிமெண்ட் போட்ட மாதிரி இறுகி, கண்ணுக்கெட்டிய தூரம் நீளமாகக் கிடக்கிறது. குழந்தைகள் தார் பூசிய மாதிரி கறுத்துவிட்டார்கள். உங்கத்தானுக்கு முகத்தில் களை வந்துவிட்டது. காலையில் தினமும் இரண்டு மணி நேரம் கடலோரம் போய் வருகிறார். விடுதிக்காரம்மாவும் கூடப் போகிறாள். நீ ஒன்றும் தப்பாக நினைக்காதே, அவளுக்கு என் மாமியார் வயது. புருஷன் போன பிறகு வீட்டைவிட்டே நகராமல் இருந்தவளாம். முதலில் ரொம்பத் தடுமாறினாள், இப்போது நேராகப் போகிறாள். நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கிறது.

தாள் தீர்ந்துவிட்டது, சின்னவன் படம் வரைந்த தாளில் எழுதுகிறேன். பின்பக்கத்தைப் பார்க்காதே.

அக்கா


ஆகஸ்ட் 21
ஆபீஸ்

அன்புள்ள அக்கா,

பின்பக்கத்தைப் பார்த்தேன்.

சின்னவனுக்குக் கை நன்றாக வருகிறது. ஒரு கடல். கடலுக்குள் ஒரு கார். கார் ஜன்னலில் ஒரு மீன் எட்டிப் பார்க்கிறது. காருக்கு அடியில் ஒரு கால் தொங்குகிறது, அந்தக் காலில் அத்தானின் நீலச் செருப்பு. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொண்டை போட்ட ஒரு பாட்டி சிரிக்கிறாள்.

டாக்டர் போன வாரமும் உங்களை விசாரித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீங்கள் பிப்ரவரி வரை அங்கேயே நிம்மதியாக இருந்தால் எனக்கு எதற்கு அந்தப் பேச்சு?

அன்புடன்,
தங்கை


செப்டம்பர் 16
கடலோர விடுதி

ஏய்,

என்னையே மிரட்டுகிறாயா?

சரி, கேட்டுக்கொள். ஆமாம், உங்கத்தான் விடுதிக்காரம்மாவுக்குக் கார் கற்றுக்கொடுத்தார். அவள் புருஷன் விட்டுப்போன கார் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. இவர் அதைத் தினமும் எட்டிப் பார்ப்பார், அவள் இவரைப் பார்ப்பாள். ஒரு நாள் இரண்டு பேரையும் காணோம், காரையும் காணோம். நான் சத்தம் போட்டேன், ஒரு வேளை சாப்பிடாமல்கூடப் படுத்தேன். அப்புறம் பார்த்தால் மனுஷன் பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கிறார். என்ன செய்வது? பொறுத்துக்கொண்டேன். ஜூலையில் ஒரு நாள் அவள் அலையைப் பார்த்து மயங்கி ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். இவர் இல்லாத பிரேக்கை மிதித்தார். உப்புக்காற்றில் அரித்துப்போன தகரம், கால் அடித்தளத்தைப் பொத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. கார் மெதுவாகக் கடலுக்குள் போகிறது, இவர் ஒற்றைக் காலால் கூடவே நடந்து போகிறார். தண்ணீர் முழங்காலுக்கு மேல் இல்லை. மீன் மட்டும் சின்னவனின் கற்பனை.

இது முடிந்தது. இப்போது உன் கதைக்கு வருவோம்.

நேற்று மழை. பெரியவள் உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வாய்விட்டுப் படித்தாள். மே மாதக் கடிதத்தில் நின்றாள். "அம்மா, வண்டி மேல இருக்கற உறையை எப்படிம்மா தினமும் மடிச்சு வைக்க முடியும்?" என்றாள்.

கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது எனக்கு. பத்து வயதுப் பெண்ணுக்குப் புரிந்தது, அவளைப் பெற்ற எனக்குப் புரியவில்லை. நாலு மாதமாகக் காதில் பூ சுற்றியிருக்கிறாய்! உறை மடித்து இருந்தால் வண்டி எங்கே? பலகைத் துணியைத் துவைத்தாய் சரி, திரும்பப் போட்டாயா? மெத்தை ஏன் நாள் முழுக்க வெயிலில் கிடக்கிறது? சுவரோடு என்னடி பழக்கம்?

நீ யார் மேலாவது ஏற்றியிருந்தால், எங்கேயாவது அடிபட்டுக் கிடந்தால், எனக்கு யார் சொல்வார்கள்? கோபத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தி.

விமானத்துக்குச் சொல்லியாகிவிட்டது. நவம்பர் எட்டாம் தேதி மாலை வந்து இறங்குகிறோம். வரும்போது வண்டி உறைக்குள்ளும், மெத்தை கட்டிலிலும், நீ ஃபோன் பக்கத்திலும் இருக்கவேண்டும்.

அக்கா


அக்டோபர் 9
ஆபீஸ்

அக்கா,

நான் உனக்கு எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. திரும்பப் படித்துப் பார்.

யார் மேலும் ஏற்றவில்லை. மார்ச்சில் ஆம்புலன்ஸ் அம்மாவிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். ஏப்ரலில் நாலாவது டெஸ்டுக்குப் போனேன். அதே மைதானம், அதே சுவர். சுவர் அதன் இடத்தில் இருந்தது, நான் என் பாதையில் போனேன். இறங்கி மூலையில் நின்று அழுதேன். டெஸ்ட் எடுத்தவர் பயந்துபோய், "பாஸ்தாம்மா, பாஸ்" என்று இரண்டு தடவை சொன்னார்.

அதற்கப்புறம் ஸ்கூலைத் திறந்துவிட்டோம். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பாள், நான் பின்னால் இருந்து கவனிப்பேன். ஒரு நாள் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி வந்தாள், என்னைவிட அதிகத் தடவை தோற்றவள். சாவியைத் தொட்டாலே வியர்த்துவிடும் அவளுக்கு. எனக்குத் தெரியாத வியர்வையா? இடித்துவிடுவோமோ என்று பயந்து பயந்துதான் நாங்கள் இடிக்கிறோம் அக்கா. அதனால் உன் விருந்தாளி மெத்தையைக் கொண்டுபோய் ஷெட்டின் வெளிச்சுவரில் சாத்திவைத்து, "முதல்ல இதுல போய் இடிங்க" என்றேன். நடப்பதைவிட மெதுவாகப் போய் மெத்தையில் முட்டினாள். சத்தமே வரவில்லை. இறங்கிப் பார்த்து, "இவ்ளோதானா?" என்றாள். அடுத்த டெஸ்டில் பாஸ். இப்போது நம் ஸ்கூலில் முதல் பாடமே அதுதான். மற்ற ஸ்கூல்களில் தோற்றவர்கள் எல்லாரும் இங்கேதான் வருகிறார்கள். ஆகஸ்டில் நானும் பயிற்சியாளர் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டேன். பக்கத்து சீட்டில் உட்காருவது இப்போது நான்தான். மெத்தையில் பம்பர் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, அதற்கு மட்டும் என்னைத் திட்டிக்கொள்.

உங்களை அடுத்த ஊருக்குப் போ போ என்று விரட்டியதற்குக் காரணம் பயம்தான். நீ வந்ததும் என்னைத் திரும்ப ஃபோனிடம் உட்கார வைத்துவிடுவாய். இப்போது அதையே எழுதியும் விட்டாய். என்னால் முடியாது அக்கா, அங்கே உட்கார. நீங்கள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதக் கை வரவில்லை, அதனால்தான் தலையணை அனுப்பினேன்.

எட்டாம் தேதி டாக்ஸி பிடிக்காதே. வண்டியோடு நான் வருகிறேன். அத்தானும் குழந்தைகளும் பின்னால் உட்காரட்டும். நீ என் பக்கத்தில், இரண்டாவது பிரேக் இருக்கும் சீட்டில். நான் சுவரைத் தேடுவதாகத் தோன்றினால் மிதி. ஆனால் நீ ஒரே ஒரு தடவை மிதித்தாலும், வீடு வந்ததும் சாவியைக் கீழே வைத்துவிட்டுப் பழையபடி ஃபோனிடம் போய்விடுகிறேன். மிதிக்கவில்லை என்றால் ஃபோனுக்கு வேறு ஆள் பார்.

தங்கை


நவம்பர் 9
உன் மேசை

தங்கச்சிக்கு,

எழுந்து வந்து பார்த்தால் நீ காலைப் பாடத்துக்குப் போய்விட்டாய். வீட்டுக்கு வந்தும் உன்னிடம் பேச வழியில்லை, அதனால் இதுவும் கடிதம்தான்.

நேற்று வண்டியில் ஏறியதும் நான் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மடக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டேனே, அதைப் பயண அலுப்பு என்று நினைத்திருப்பாய். அலுப்பெல்லாம் ஒன்றுமில்லை. காலைக் கீழே விட்டிருந்தால் மிதித்திருப்பேன். பாலத்தடித் திருப்பத்தில் அந்த லாரி வந்தபோது என் கால் கட்டைவிரல் தானாகத் துடித்தது. கையால் பிடித்துக்கொண்டேன். உங்கத்தான் பின்னாலிருந்து மிதித்த மிதியில் என் சீட்டே ஒரு ஆட்டம் ஆடியது. நீ அதற்குள் நிறுத்தி, லாரிக்கு வழிவிட்டு, கண்ணாடியில் அவரைப் பார்த்து, "நல்லா மிதிச்சீங்க அத்தான், நின்னுடுச்சு" என்றாய். மனுஷனுக்கு என்ன சந்தோஷம்! வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

நீ ஷெட்டுக்குள் வண்டியை விட்டபோது நான் தையல்காரர் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் வாசலில்தான் நின்றார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் மனைவி கிட்டே வந்து, தன் பாடம் செவ்வாயா புதனா என்று உன்னைக் கேட்டாள்.

காலையிலிருந்து ஃபோன் ஓயவில்லை. எடுத்தால் எல்லாரும் உன்னைத்தான் கேட்கிறார்கள். ஒரு பெண், "நீங்க யாருங்க?" என்றாள். இந்த ஸ்கூலின் பலகையில் என் பேர்தான் இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. "ஃபோன் எடுக்கற அக்கா" என்று சொல்லி வைத்தேன். சரியாகச் சொன்னேனா?

உங்கத்தான் ஷெட் பக்கம் நிற்கிறார், சுவரில் சாத்திய மெத்தையைத் தான் பிடித்துக்கொள்கிறேன் என்று. டாக்டர் மெத்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். நீ வந்து பார்த்துக்கொள்.

மன்னிப்பு கேட்பதெல்லாம் எனக்கு வராது, உனக்கே தெரியும். வண்டியின் இன்னொரு சாவி இத்தனை வருஷமும் என் இடுப்பில்தான் இருந்தது. அதை உன் டிராயரில் போட்டிருக்கிறேன்.

அக்கா